எடுத்துக் கொடுக்கிறவள்

அண்ணி: …சரி, இந்த நோட்டீஸ்ல கரடிக்கு அப்புறம் சிவப்புல ஒரு கோடு போட்டிருக்கியே, அது எதுக்கு?

கிசுகிசு: அங்க 'குழந்தைகளுக்கான நாடகம்'னு வரணும் அண்ணி. அத விட்டுட்டு அச்சுக் கோத்திருக்கான். இப்ப 'குடை திருடிய கரடி, குடும்பத்துடன் வருக'ன்னு நிக்குது. கரடியக் குடும்பத்தோட கூப்பிடற மாதிரி.

அண்ணி: வரட்டுமே. டிக்கெட் எடுத்துட்டு வந்தா கரடிக்கும் நாற்காலி போடுவோம்.

கிசுகிசு: மத்தபடி பிழை இல்ல. பிரஸ்ஸுக்கு அனுப்பிடலாம். அப்புறம்… இந்தாங்க.

அண்ணி: என்ன இது?

கிசுகிசு: சாவி. இது இந்த ரூமுக்கு. இது டிரெஸ் பீரோ. இது நாடகப் பிரதிங்க இருக்கிற அலமாரி. இந்தச் சின்னது எதுக்குன்னு எனக்கே தெரியல, இருபத்திரெண்டு வருஷமா கூடவே தொங்குது.

அண்ணி: மேஜை மேல வெக்காத அத.

கிசுகிசு: அண்ணி…

அண்ணி: வெக்காதன்னேன். கையிலயே வெச்சுக்கோ. நோட்டீஸப் படி முதல்ல. மேல இருந்து கீழ வரைக்கும், சத்தமா. எனக்குக் காதால கேட்டாத்தான் புரியும்.

கிசுகிசு: தொண்டை சரியில்ல அண்ணி. சொன்னேனே. டாக்டர் பேசவே கூடாதுன்னு…

அண்ணி: நீ எந்தக் காலத்துல பேசின? இந்த ட்ரூப்புல உன் குரல முழுசாக் கேட்ட ஆளே கிடையாது. படுதா ஓரத்துல ஸ்டூலப் போட்டு உக்காந்து, மறந்துபோன வசனத்த எடுத்துக் குடுக்கறவ. கிசுகிசு, கிசுகிசுன்னு. அதுக்கே தொண்டை போச்சுன்னா, கடைசி வரிசைக்குக் கேக்கணும்னு முப்பது வருஷமா கத்தின எனக்கு என்ன போயிருக்கணும்?

கிசுகிசு: கத்தறதவிட கிசுகிசுக்கறதுதான் தொண்டைக்குக் கெடுதலாம். டாக்டரே சொன்னார்.

அண்ணி: அந்த டாக்டர எனக்குக் காட்டு. படிடி.

கிசுகிசு: 'நம் நாடகக் குழுவின் புதிய ஆண்டு. மன்றத்தின் அரங்கில், ஆண்டு முழுவதும். நான்கு நாடகங்கள், மூன்று புதிய முயற்சிகள்…'

அண்ணி: ஆண்டு, ஆண்டுன்னு ரெண்டு தடவை வருதே?

கிசுகிசு: வரட்டும். மூணு மாசத்துக்கு மேல எதையும் யோசிச்ச ட்ரூப்பா இது? ஒரு வருஷம்னு ரெண்டு தடவை சொன்னாத்தான் ஜனங்க நம்புவாங்க.

அண்ணி: ம். அது சரி.

கிசுகிசு: 'புதிய முயற்சிகள். ஒன்று, சனிக்கிழமை தோறும் நடிப்புப் பயிற்சி. இரண்டு, வீடு தேடி வரும் நாடகம். உங்கள் வீட்டுக் கூடத்தில், நாற்பது நிமிடம், மூன்றே நடிகர்கள்…'

அண்ணி: நடுவுல வீட்டுக்காரங்க சண்டை போட்டா அது தனி.

கிசுகிசு: 'மூன்று, காதால் கேட்கும் நாடகம். கைபேசியில்.' இதுக்கு எடுத்துக் குடுக்க ஆளே வேணாம் அண்ணி. தாளப் பாத்துப் படிச்சுட்டுப் போயிடலாம்.

அண்ணி: அதனாலதான் உனக்கு அது பிடிச்சிருக்கா?

கிசுகிசு: அடுத்தது நாடகங்க. திருப்பவா?

அண்ணி: நாடகங்களப் படி.

கிசுகிசு: 'இரண்டாவது நாடகம், மூன்று சாட்சிகளும் ஒரு பொய்யும். மூன்றாவது…'

அண்ணி: முதல் நாடகம் எங்க போச்சு?

கிசுகிசு: அந்தக் குறிப்பு நீங்க எழுதினதுதானே. உங்களுக்குத் தெரியுமே.

அண்ணி: தெரியும். நீ படிச்சுக் கேக்கணும்.

கிசுகிசு: …'முதல் நாடகம். ஓய்வு பெற்ற எஞ்சின். எட்டு மாதங்களுக்கு முன் மறைந்த எங்கள் நிறுவனர்…'

அண்ணி: ம்.

கிசுகிசு: '…எங்கள் நிறுவனர் கடைசியாக நடித்த நாடகம். அவர் நினைவாக மீண்டும்.' போதும் அண்ணி. தொண்டை.

அண்ணி: 'என் கணவர்'னு போடலாமான்னு பாத்தேன். அப்புறம் வேணாம்னு 'நிறுவனர்'னு போட்டுட்டேன். அவர் இருந்தா சிரிப்பார். 'நிறுவனர்னா ஏதோ பாலம் கட்டினவன் மாதிரி இருக்கே'ம்பார்.

கிசுகிசு: இந்த நாடகம் வேணுமா அண்ணி? வேற எவ்வளவோ இருக்கே. அலமாரி நிறைய கிடக்கு.

அண்ணி: மன்றத்துக்காரங்க கேட்டது இததான். அன்னைக்கு முன்வரிசையில மூணு பேரும் உக்காந்து பாத்தாங்களே, அது பிடிச்சுப்போய்த்தானே ஒரு வருஷத்துக்கு அரங்கத்தக் குடுத்திருக்காங்க? அத நடத்தாம மத்தத நடத்தினா, விருந்துக்குக் கூப்பிட்டு இலையப் போட்டு எழுப்பிவிட்ட மாதிரி.

மேஸ்திரி: அண்ணி… உள்ள வரலாமா? டிரெஸ் கிரெஸ் மாத்திட்டு இருக்கீங்களா?

அண்ணி: வாங்க மேஸ்திரி. டிரெஸ் மாத்தற வயசெல்லாம் போச்சு.

மேஸ்திரி: கட்டிலப் பத்திக் கேக்க வந்தேன். எஞ்சின் நாடகத்துக் கட்டில். ஒரு காலு ஆடுது. ஒரு ஆப்பு வெச்சு அடிச்சா இன்னும் பத்து வருஷம் நிக்கும். அடிக்கவா?

அண்ணி: வேணாம். புதுசு பண்ணுங்க.

மேஸ்திரி: நல்ல மரம் அண்ணி அது. நான் இழைச்ச கட்டில். இப்ப அந்த மாதிரிப் பலகை…

அண்ணி: புதுசுன்னேன் மேஸ்திரி.

மேஸ்திரி: சரி. புதுசு. நீளம் பேங்க்காரருக்கு ஏத்த மாதிரி வெக்கறேன். மனுஷன் பனைமரம் மாதிரி இருக்கார். அண்ணன் போட்டுட்டிருந்த வேஷத்துக்கு அவரப் போட்டிருக்கீங்க, நடிப்பு இருக்கோ இல்லையோ, உயரம் இருக்கு.

அண்ணி: நல்லாத்தான் பண்றார். வங்கியில உக்காந்து நாள் முழுக்க சிடுசிடுன்னு பேசறவர், இங்க வந்து அழறார். வசனம்தான் நிக்க மாட்டேங்குது.

மேஸ்திரி: அதான் செவ்வாக்கிழமை ஒத்திகையில பாத்தேனே. மனுஷன் நெஞ்சுல கைய வெச்சுட்டு நிக்கறார், நிக்கறார். இந்தப் பக்கத்துல இருந்து ஒரு வரி வரல. நான் படுதாக் கயித்தப் புடிச்சுட்டு மேல இருந்து பாக்கறேன், கிசுகிசு பிரதிய மூடி வெச்சுட்டு உக்காந்திருக்கு. அப்புறம் எழுந்து ஓடுது. என்ன, தூங்கிட்டியாம்மா?

கிசுகிசு: தொண்டை மேஸ்திரி. சத்தம் வரல.

மேஸ்திரி: அவருக்கு யார் அந்த சைகையச் சொல்லிக் குடுத்தது? அண்ணனோட சைகை அது.

அண்ணி: நான்தான் சொன்னேன். எல்லாருக்கும் பழகின சைகை, அதுவே இருக்கட்டுமேன்னு.

மேஸ்திரி: அண்ணனுக்கு முன்னாடியெல்லாம் காதச் சொறியறதுதான் சைகை. ஞாபகம் இருக்கா அண்ணி? வரி மறந்தா காதச் சொறிவார், கிசுகிசு எடுத்துக் குடுக்கும். ராஜா வேஷத்துல கிரீடத்த ஒதுக்கிட்டு சொறிஞ்சு, அது கழண்டு மந்திரி மடியில விழுந்து… ஜனங்க 'ராஜாவுக்குப் பேனு'ன்னு கத்தினாங்க.

அண்ணி: அப்புறம் ஒரு வாரம் அவர் வீட்ட விட்டு வெளிய வரல.

மேஸ்திரி: அதுக்கப்புறந்தானே நெஞ்சுல கை வெக்கறது வந்துது. நல்ல யோசனை. ராஜாவும் நெஞ்சுல கை வெப்பான், பிச்சைக்காரனும் வெப்பான், எவனுக்கும் சந்தேகம் வராது. அந்த யோசனை யாரோடது, அண்ணனோடதா?

கிசுகிசு: என்னோடது.

மேஸ்திரி: பாத்தியா, இத்தனை நாளா அவர் தன்னோடதுன்னு சொல்லிட்டிருந்தார்! சரி, நான் போறேன். பலகை பாக்கணும். ஏன் ரெண்டு பேரும் இப்படி இருக்கீங்க? வருஷம் பூரா அரங்கம் கிடைச்சிருக்கு. கொஞ்சம் சிரிங்க.

அண்ணி: சிரிக்கறோம். போய்ட்டு வாங்க. கதவச் சாத்திட்டுப் போங்க.

கிசுகிசு: நானும் கிளம்பறேன் அண்ணி. திங்கக்கிழமை வேலையில சேரணும்.

அண்ணி: வேலையா! சொல்லவே இல்ல? எங்க?

கிசுகிசு: கண் ஆஸ்பத்திரியில.

அண்ணி: என்ன வேலை?

கிசுகிசு: சும்மா… வர்றவங்கள வரிசையா உக்கார வெச்சு… நம்பர் கூப்பிடற வேலை.

அண்ணி: என்னது?

கிசுகிசு: நம்பர் கூப்பிடறது.

அண்ணி: தொண்டை போனவளுக்குக் கூப்பிடற வேலையா?

கிசுகிசு: மைக் குடுக்கறாங்க.

அண்ணி: நல்லா வாயில வருது. உனக்குப் பொய் சொல்லத் தெரியலடி. இருபத்திரெண்டு வருஷம் அடுத்தவங்க வசனத்தையே சொல்லிச் சொல்லி, சொந்தமா ஒண்ணு சொல்ல வரமாட்டேங்குது. இங்க பாரு. நீ இல்லாம இந்த நோட்டீஸ்ல ஒண்ணும் நடக்காது. பேங்க்காரருக்கு ரெண்டு வரிக்கு ஒரு தடவை வேணும். எனக்கு மட்டும் என்ன? முன்ன மாதிரியா இருக்கு? மேடையில நிக்கும்போது திடீர்னு எல்லாம் வெள்ளையாப் போயிடுது. படுதா ஓரத்துல நீ இருக்கன்னு ஒரு தைரியத்துலதான் அடுத்த அடி வெக்கறேன். வேற ஒருத்தியப் போட்டா நான் மேடையேற மாட்டேன். ஏற முடியாது.

கிசுகிசு: வேற யாராவது பழகிப்பாங்க அண்ணி.

அண்ணி: அப்ப நேரா கேக்கறேன். நீயும் நேரா சொல்லு. அன்னைக்கு நீ என்ன கேட்ட?

கிசுகிசு: அன்னைக்குன்னா…

அண்ணி: எந்த அன்னைக்குன்னு உனக்குத் தெரியும். மூணாவது காட்சி. உன் ஸ்டூலுக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஆறடி கூட இல்ல. எட்டு மாசமா நீ என் முகத்தப் பாக்கறதில்ல. நான் ரூமுக்குள்ள வந்தா நீ பீரோவத் துடைக்கற. நீ எதையோ கேட்டிருக்க. கேட்டதாலதான் போற.

கிசுகிசு: கேக்கல அண்ணி. பாத்தேன்.

அண்ணி: எதப் பாத்த?

கிசுகிசு: நீங்க வெறுத்துடுவீங்க.

அண்ணி: சொல்லு.

கிசுகிசு: மூணாவது காட்சியில, நீங்க அவர் பக்கத்துல உக்காந்து, 'டாக்டர்கிட்ட போலாங்க, உடம்பு இளைச்சுப் போச்சு'ம்பீங்க. அண்ணன் பதில் சொல்லணும். சொல்லல. கை நெஞ்சுக்குப் போச்சு. நான் எடுத்துக் குடுத்தேன். 'எனக்கென்ன'ன்னு எடுத்துக் குடுத்தேன். அவர் என் பக்கம் திரும்பிப் பாத்தார். அப்புறம் சொன்னார், 'எனக்கென்ன'ன்னு. திரும்ப கை நெஞ்சுக்குப் போச்சு. 'எஞ்சின் மாதிரி இருக்கேன்'னேன். அதையும் சொன்னார். மறுபடி கை. அப்ப இன்னும் கொஞ்சம் சத்தமா, 'கரியப் போட்டா நூறு மைல் ஓடுவேன்'னேன்…

அண்ணி: சொன்னார்.

கிசுகிசு: சொன்னார். ஜனங்க எல்லாம் சிரிச்சாங்க. முன்வரிசை மூணு பேரும் சிரிச்சாங்க.

அண்ணி: நல்ல சிரிப்பு அன்னைக்கு.

கிசுகிசு: நான் எதக் குடுத்தாலும் சொன்னார் அண்ணி. எப்பவும் அப்படித்தானே? நான் தப்பாக் குடுத்தாக்கூட வாங்கி சொல்லிடற மனுஷன். வரி போச்சுன்னு அவர் கை வெக்கல. வலி வந்து கை வெச்சார். நான் மூணு தடவை அவர் வாயில வசனத்தத் திணிச்சேன். 'எனக்கென்ன'ன்னு சொல்ல வெச்சதே நான்தான்.

அண்ணி: அழாத. மெதுவா.

கிசுகிசு: அவர் பாத்த பார்வை… 'வரி வேணாம்டி'ன்னு இருந்துது அதுல. இப்பத் தெரியுது. அன்னைக்கு எனக்கு எரிச்சல் தெரியுமா? மன்றத்துக்காரங்க வந்திருக்கற நாளாப் பாத்து இப்படி மறக்கறாரே, காலையில எல்லாம் என்ன பண்ணிட்டிருந்தார்னு பல்லக் கடிச்சுட்டு எடுத்துக் குடுத்தேன். வேர்வையில முகத்துல பூசின மாவெல்லாம் கரைஞ்சு கழுத்துல வழியுது, அதையும் பாக்கறேன். லைட்டு சூடுன்னு நினைச்சேன்.

அண்ணி: எல்லாருக்கும்தான் வேர்த்துது அன்னைக்கு.

கிசுகிசு: காட்சி முடிஞ்சு அவர் உள்ள வந்தார். நாலாவது காட்சி உங்களுது, நீங்க மேடையிலயே நின்னுட்டீங்க. அவர் படுதாவப் புடிச்சுட்டு நடந்து, இந்த ரூமுக்கு வந்து, அந்த டிரங்குப் பொட்டி மேல உக்காந்து… என்னால ஸ்டூல விட்டு எழுந்திருக்க முடியல. உங்க காட்சிக்கு நான் எடுத்துக் குடுக்கணும். அது முடிஞ்சு வந்து பாத்தா…

அண்ணி: தெரியும். நானும்தானே வந்து பாத்தேன்.

கிசுகிசு: ஆஸ்பத்திரியில டாக்டர் என்ன சொன்னார்? நான் பக்கத்துலதான் நின்னேன். 'வலி வந்ததும் கொண்டு வந்திருந்தா பாத்திருக்கலாம்'னார். வலி வந்தத யார் பாத்தது? நான் பாத்தேன். பெல் என் கையில இருந்துது அண்ணி. ஒரு தடவை அழுத்தினா மேஸ்திரி திரைய இறக்கியிருப்பார். நான் பெல்ல அழுத்தல. வரியக் குடுத்தேன். ஏதாவது சொல்லுங்க. ஒரு அறை விடுங்க.

அண்ணி: அப்ப நீ வேற ஒண்ணும் கேக்கலையா?

கிசுகிசு: என்னது?

அண்ணி: கட்டில்ல நாங்க பேசிக்கிட்டது. காதுல விழலையா?

கிசுகிசு: எப்படி விழும்? அன்னைக்கு அந்தப் பெரிய ஃபேன் என் முதுகுக்குப் பின்னாடி ஓடிட்டிருந்துது. லாரி மாதிரி சத்தம். நீங்க ரெண்டு பேரும் பேசறதே கேக்கல, உங்க வாயசைவப் பாத்துதான் பிரதியில விரல நகத்திட்டு வந்தேன்.

அண்ணி: என் வாய் அசைஞ்சதப் பாத்தியா?

கிசுகிசு: பாத்தேன். அவர் கையப் புடிச்சுட்டு ஏதோ சொன்னீங்க. 'டாக்டர்கிட்ட போலாம்'னு மறுபடி சொல்றீங்க, அவருக்கு வரி ஞாபகம் வரணும்னு சமாளிக்கறீங்கன்னு நினைச்சேன்.

அண்ணி: ஒண்ணுமே கேக்கல.

கிசுகிசு: கேக்கல. ஏன் அண்ணி?

அண்ணி: ஒண்ணுமில்ல. அந்தத் தண்ணியக் குடி. குடிடி. முகத்தத் துடை. அந்தத் துண்டு வேணாம், அதுல மை இருக்கு. இத எடுத்துக்கோ. நீ என்ன பண்ணுவ பாவம்? சைகை வெச்சா வரி குடுக்கணும், அதுதானே உன் வேலை? இருட்டுல உக்காந்திருக்கறவளுக்கு மனுஷனோட நெஞ்சுக்குள்ள என்ன நடக்குதுன்னு எப்படித் தெரியும்? நான் ஒண்ணும் நினைக்கல. சத்தியமா நினைக்கல. நீ இத்தோட மறந்துடு. திங்கக்கிழமை ஒத்திகைக்கு வா. கண் ஆஸ்பத்திரிக்கு நான் ஃபோன் பண்ணி சொல்லிடறேன்.

கிசுகிசு: இவ்வளவு சீக்கிரம் மன்னிச்சிட்டீங்களே அண்ணி…

அண்ணி: மன்னிக்க என்ன இருக்கு? சாவிய முந்தானையில முடி.

கிசுகிசு: முடியாது அண்ணி. உங்க பொண்ணு இருக்கா.

அண்ணி: அவளுக்கு என்ன?

கிசுகிசு: போன மாசம் எனக்கு ஃபோன் பண்ணினா. 'அத்தை, நீங்கதான் கிட்டத்துல இருந்தீங்க. அப்பா கஷ்டப்பட்டாரா? அம்மாவக் கேட்டா ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது, கடைசியா எஞ்சின் மாதிரி இருக்கேன்னு சொல்லி எல்லாரையும் சிரிக்க வெச்சார், அவ்வளவுதான்னு சொல்லுது'ன்னா. நான் 'ஆமாம்மா, சிரிக்க வெச்சார்'னேன். ஃபோன வெச்சுட்டு ரெண்டு நாள் சோறு இறங்கல.

அண்ணி: சரியாத்தானே சொன்ன? விட்டுடு.

கிசுகிசு: அவ அந்த வசனத்த எழுதி அப்பா படத்துக்குக் கீழ வெச்சிருக்காளாம் அண்ணி. நான் அவர் வாயில திணிச்ச வசனம் அது. அத அவ தினமும் பாக்கறா.

அண்ணி: பாத்துட்டுப் போறா. அவளுக்கு ஆறுதலா இருக்கில்ல?

கிசுகிசு: லெட்டர் எழுதிட்டேன். பையில இருக்கு. போற வழியில தபால்ல சேத்துடுவேன்.

அண்ணி: குடு பாக்கலாம்.

கிசுகிசு: வேணாம் அண்ணி.

அண்ணி: குடுன்னேன்… 'அன்புள்ள மகளுக்கு. உன் அப்பா வலியில் கேட்டது உதவி. நான் கொடுத்தது வசனம். உன் அப்பாவைக் கொன்றது…' என்னடி இது? யார் யாரக் கொன்னா? என்ன வார்த்தை இது?

கிசுகிசு: உள்ளதுதான்.

அண்ணி: இத அனுப்பக் கூடாது. நான் கிழிச்சுடுவேன்.

கிசுகிசு: கிழிங்க. ஒரு தடவை எழுதினா எனக்கு மனப்பாடம்தான். வீட்டுக்குப் போய் புள்ளி மாறாம திரும்ப எழுதுவேன்.

அண்ணி: அவ உன்ன என்னன்னு நினைப்பா? அவளுக்கு நீ சடை பின்னி விட்டவ. பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போனவ. ஆயுசுக்கும் உன் முகத்துல முழிக்க மாட்டா.

கிசுகிசு: முழிக்க வேணாம். அவளுக்குத் தெரியணும். அப்பா கஷ்டப்பட்டார், கேட்டார், கூட இருந்தவ ஒருத்தி குடுக்கலன்னு தெரியணும். யாராவது ஒருத்தர் அத சொல்லணும்ல? நீங்க எப்படிச் சொல்வீங்க? உங்களுக்கே தெரியாது. பாவம், பக்கத்துல உக்காந்து கையப் புடிச்சுட்டிருந்தும் உங்களுக்கே தெரியல. லெட்டரக் குடுங்க அண்ணி. தபாலாபீஸ் மூடிடுவாங்க.

அண்ணி: …

கிசுகிசு: அண்ணி?

அண்ணி: உக்காரு.

கிசுகிசு: நேரமாச்சு…

அண்ணி: உக்காரு. பேனா வெச்சிருக்கியா?

கிசுகிசு: இருக்கு. பிழை திருத்தற சிவப்புப் பேனா.

அண்ணி: அதுவே போதும். அந்த 'கொன்றது'ன்னு இருக்கறதுக்கு அப்புறம் உன் பேர் இருக்கில்ல. அத அடி.

கிசுகிசு: எதுக்கு?

அண்ணி: அடிடி. நீ வாயசைவத்தான் பாத்த. நான் அப்ப சொன்னது வசனம் இல்ல.

கிசுகிசு: புரியல அண்ணி.

அண்ணி: உனக்கு சைகைதான் காட்டினார். என் பக்கம் திரும்பி, எங்கிட்ட வாய்விட்டே சொன்னார். மூணு தடவை நீ வரி குடுத்ததுக்கும் முன்னாடியே, 'முடியலடி, நெஞ்சு அடைக்குது, திரைய இறக்கச் சொல்லு'ன்னார். நாலாவது காட்சி என்னோடது, அந்த மூணு பேரும் அதப் பாக்கத்தான் வந்திருந்தாங்க. நான் அவர் கைய அழுத்திப் புடிச்சேன். எழுந்திரிக்கப் பாத்தார், விடல. ஜனங்களப் பாத்து சிரிச்ச முகமா இருந்துட்டே, அவர் காதோட சொன்னேன், 'இன்னும் ரெண்டு பக்கந்தான் இருக்கு, தாங்கிக்கோங்க'ன்னு.